90 கிலோ டிவி: பிக்சர் டியூபின் கடைசி அத்தியாயம்

2004-ம் ஆண்டு சோனி நிறுவனம் அமெரிக்கக் கடைகளில் ஒரு டிவியை விற்பனைக்கு வைத்தது. மாடல் பெயர் கேடி-34எக்ஸ்பிஆர்960. அகலத்திரை, 34 அங்குலம். விலை ஏறத்தாழ 2,200 டாலர். எடை மட்டும் கிட்டத்தட்ட 90 கிலோ! ஒரு ஆளால் நகர்த்தவே முடியாது. இரண்டு பேர் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதை வைப்பதற்கென்றே தனியாக ஒரு ஸ்டாண்டும் வாங்க வேண்டும்.

அதே கடையில், சில அடி தள்ளி, சுவரில் ஆணி அடித்து மாட்டக்கூடிய எல்சிடி டிவிகள் வரிசையாக நின்றன. விலை அதிகம். கறுப்பு நிறம் சாம்பலாகத் தெரிந்தது. பந்து வேகமாக ஓடினால் பின்னால் வால் போல ஒரு நிழல் ஓடியது. பக்கவாட்டில் நின்று பார்த்தால் நிறம் மாறியது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களில் பலர், படம் என்று வந்துவிட்டால் கனமான பெட்டிதான் மேல் என்றார்கள்.

ஆனால் நான்கே ஆண்டுகளில் சோனி உலகம் முழுவதும் அந்தக் குழாயின் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஒரு தொழில்நுட்பம் தன் உச்சத்தைத் தொட்ட நேரத்திலேயே சந்தையை விட்டு வெளியேறியது. நல்ல சரக்கு ஏன் தோற்றது? இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமானால் நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

பிரவுனின் குழாய்

1897-ல் ஜெர்மானிய இயற்பியலாளர் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் ஒரு கண்ணாடிக் குழாயை உருவாக்கினார். காற்றை வெளியேற்றிய குழாய். ஒரு முனையில் எலக்ட்ரான்கள் கிளம்பும். மறுமுனையில் பூசியிருக்கும் ஒளிரும் பொருளில் மோதி ஒரு புள்ளியாக வெளிச்சம் தரும். நடுவில் காந்தப்புலத்தை வைத்தால் அந்தப் புள்ளி நகரும். மின் அலைகளைக் கண்ணால் பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட ஆய்வுக்கூடக் கருவி அது. பிரவுனுக்கு 1909-ல் மார்க்கோனியுடன் சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் இந்தக் குழாய்க்காக அல்ல, வயர்லெஸ் தந்திக்காக.

கறுப்பு வெள்ளை டிவிக்கு ஒரே ஒரு எலக்ட்ரான் கற்றை போதும். வண்ணத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கற்றைகள் வேண்டும். சிவப்புக்கான கற்றை சிவப்புப் புள்ளியில் மட்டும்தான் விழ வேண்டும். பக்கத்தில் இருக்கும் பச்சையில் பட்டால் நிறம் கெட்டுப்போகும். இதற்கு அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் 1950-களில் கொண்டுவந்த வழிதான் ஷேடோ மாஸ்க். திரைக்குச் சற்றுப் பின்னால் லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு மெல்லிய உலோகத் தகடு. துளை வழியாகச் சரியான கோணத்தில் வரும் எலக்ட்ரான் மட்டும் தன் நிறப் புள்ளியைத் தொடும்.

வழி சரிதான், ஆனால் செலவு அதிகம். கிளம்பிய எலக்ட்ரான்களில் ஐந்தில் ஒரு பங்குதான் துளை வழியே போனது. மிச்சமெல்லாம் தகட்டில் மோதி வெப்பமாகப் போனது. அதனால்தான் ஆரம்பகால வண்ண டிவிகளை விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

டிரினிட்ரான் வந்த கதை

சோனியின் நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகாவுக்கு ஷேடோ மாஸ்க் பிடிக்கவில்லை. வேறு வழி வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அமெரிக்க இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ் கண்டுபிடித்த குரோமட்ரான் என்ற குழாயின் உரிமத்தை சோனி வாங்கியது. படம் வெளிச்சமாக இருந்தது. ஆனால் அதைத் தொழிற்சாலையில் செய்வது பெரும்பாடு. ஒரு டிவியைச் செய்ய 4 லட்சம் யென்னுக்கு மேல் செலவானது. விற்ற விலையோ 1,98,000 யென். ஒவ்வொரு டிவி விற்கும்போதும் விலையைவிடப் பெரிய தொகை நஷ்டம்! கம்பெனியே கவிழ்ந்துவிடும் என்ற நிலை.

அந்த நெருக்கடியில் பிறந்ததுதான் டிரினிட்ரான். இபுகாவே திட்டத்துக்குத் தலைமை ஏற்றார். சுசுமு யோஷிதா, சென்ரி மியாவோகா, அகியோ ஓகோஷி ஆகியோர் முக்கியப் பொறியாளர்கள். மூன்று துப்பாக்கிகளுக்குப் பதில் ஒரே துப்பாக்கி. அதற்குள் மூன்று கற்றைகள். துளைத் தகட்டுக்குப் பதில் மேலிருந்து கீழாக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோகப் பட்டைகள். இதற்கு அப்பர்ச்சர் கிரில் என்று பெயர். யாழின் நரம்புகள் போல நினைத்துக்கொள்ளலாம். துளைகளைவிட நீண்ட இடைவெளிகளில் அதிக எலக்ட்ரான்கள் போகும். அதனால் படம் பளிச்சென்று இருக்கும்.

1968 அக்டோபரில் கேவி-1310 என்ற 13 அங்குல டிரினிட்ரான் டிவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 1973-ல் இந்தக் குழாய்க்கு எம்மி விருது கிடைத்தது. நடிகர்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் கொடுக்கும் விருது ஒரு பிக்சர் டியூபுக்கு!

டிரினிட்ரானுக்கு ஒரு சின்னக் குறையும் உண்டு. நரம்பு போல இழுத்துக் கட்டிய பட்டைகள் அதிரும். டிவியின் ஸ்பீக்கர் சத்தமே போதும் அவற்றை அசைக்க. அதைத் தடுக்கக் குறுக்கே ஒன்றோ இரண்டோ மெல்லிய கம்பிகளைக் கட்டினார்கள். வெள்ளைப் படம் வரும்போது அந்தக் கம்பியின் நிழல் தலைமுடி போலத் திரையில் தெரியும். பழுது என்று நினைத்துக் கடைக்குப் போனவர்கள் உண்டு.

ஒலிம்பிக் முடிந்த பிறகு

1964-ல் டோக்கியோ ஒலிம்பிக் நடந்தது. அது முடிந்ததும் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே அடுத்தது என்ன என்று யோசிக்கத் தொடங்கியது. வண்ணம் வந்துவிட்டது. இனி படத்தின் நுணுக்கம்தான்.

அன்றைய ஜப்பானிய, அமெரிக்க டிவி படத்தில் 525 வரிகள். அதில் கண்ணுக்குத் தெரிவது சுமார் 480. என்எச்கேயின் ஆய்வாளர்கள் ஒரு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள்: பார்ப்பவருக்குத் 'தான் அங்கேயே இருப்பது போல' ஓர் உணர்வு வர என்ன வேண்டும்? திரை பார்வையில் சுமார் 30 டிகிரி அகலத்தை நிரப்ப வேண்டும். அதற்குத் திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்று கண்டார்கள். அவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்தால் 525 வரிகளும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். எனவே வரிகளின் எண்ணிக்கையை 1125 ஆக்கினார்கள். திரையையும் அகலமாக்கினார்கள். இந்த ஆய்வை முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் தகாஷி ஃபுஜியோ. 1981-ல் அமெரிக்காவில் இதைச் செய்து காட்டியபோது ஹாலிவுட் இயக்குநர்கள்கூட அசந்து போனார்கள்.

அடுத்த தலைவலி, இதை எப்படி அனுப்புவது? 1125 வரிப் படத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அலைவரிசை தேவை. என்எச்கே 'மியூஸ்' என்ற சுருக்கும் முறையைக் கண்டுபிடித்து அதை 8.1 மெகாஹெர்ட்ஸுக்குள் அடக்கியது. அசையாத காட்சி அற்புதமாக இருக்கும். அசையும் பொருள் மட்டும் கொஞ்சம் மங்கும். 1989 ஜூனில் செயற்கைக்கோள் வழியே தினம் ஒரு மணி நேரச் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1991 நவம்பர் 25 முதல் தினம் எட்டு மணி நேரம். அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. மாதம் 11, நாள் 25. சேர்த்தால் 1125!

ஒளிபரப்பு இருந்தால் போதுமா? பார்க்கப் பெட்டி வேண்டாமா? 1990-ல் சோனி கேடபிள்யூ-3600எச்டி என்ற 36 அங்குல ஹை-விஷன் டிவியைக் கொண்டுவந்தது. விலை இருபது லட்சம் யென்னுக்கு மேல். அந்தப் பணத்தில் ஜப்பானில் ஒரு நல்ல காரே வாங்கலாம். 1992-ல் ஷார்ப் நிறுவனம் பத்து லட்சம் யென்னுக்கு ஒன்றை விட்டது. அதுவும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத விலைதான்.

குழாய்க்குள் நடக்கும் ஓட்டம்

விலை ஏன் அவ்வளவு? உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்தால் புரியும்.

டிவி திரையில் படம் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஒரு வரி எழுதி, மீண்டும் இடது ஓரத்துக்குத் தாவி அடுத்த வரியை எழுதுகிறது. பழைய 525 வரி டிவியில் இது ஒரு நொடிக்கு சுமார் 15,734 முறை நடக்கும். ஒரு வரிக்குக் கிடைக்கும் நேரம் 63.5 மைக்ரோ நொடி. 1125 வரி டிவியில் நொடிக்கு 33,750 வரிகள். ஒரு வரிக்கு 29.6 மைக்ரோ நொடிதான். பாதிக்கும் குறைவான நேரத்தில், இரண்டு மடங்குக்கும் மேலான விவரத்தை எழுத வேண்டும்.

கற்றையை அப்படி இழுப்பது குழாயின் கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிச் சுருள்கள். வேகம் இரட்டிப்பானால் அந்தச் சுருளை ஓட்டும் மின்சுற்றின் சிரமமும் ஏறும், சூடும் ஏறும்.

ஒளிபரப்பில் இரண்டு வகை எச்டி உண்டு. 1080 வரிகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து மாற்றி மாற்றிக் காட்டுவது இன்டர்லேஸ். 720 வரிகளை ஒரே மூச்சில் வரிசையாகக் காட்டுவது புரோகிரஸிவ். இரண்டாவது வகைக்கு நொடிக்கு 45,000 வரிகள் வேண்டும். அதற்கும் ஒரு சுற்று வைத்தால் விலை கூடும். அதனால் வீட்டு எச்டி டிவிகளில் பெரும்பாலானவை 720 வரிப் படம் வந்தாலும் அதை 1080 இன்டர்லேஸாக மாற்றியே காட்டின. பெட்டிமேல் இருந்த விளம்பர ஸ்டிக்கரில் இந்த விஷயம் பெரிய எழுத்தில் இருக்காது!

இன்னொரு சிக்கல், புள்ளியின் பருமன். படம் பிரகாசமாக வேண்டுமென்றால் அதிக எலக்ட்ரான்களை அனுப்ப வேண்டும். எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும் இயல்புடையவை. எண்ணிக்கை கூடினால் கற்றை பருத்துவிடும். பருத்தால் நுணுக்கம் போய்விடும். அதாவது வெளிச்சமும் கூர்மையும் ஒன்றுக்கொன்று எதிரி. கடையில் பளபளவென்று தெரிய வேண்டும் என்பதற்காக பிரைட்னஸை ஏற்றி வைத்திருக்கும் டிவி, வீட்டுக்கு வந்து குறைத்து வைத்தால்தான் உண்மையான படத்தைக் காட்டும்.

மூலைகளில் வேறு தொல்லை. திரையின் நடுவைவிட மூலைக்குக் கற்றை அதிக தூரம் போக வேண்டும். சாய்வாகப் போய் விழுவதால் வட்டப் புள்ளி முட்டை வடிவமாகும். இதைச் சரிசெய்ய, கற்றை நகர நகர ஃபோகஸையும் கணத்துக்குக் கணம் மாற்றும் மின்சுற்று வைத்தார்கள். மூன்று நிறங்களும் எல்லா மூலையிலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தவும் வேண்டும். சாதாரண டிவியில் அரை மில்லிமீட்டர் விலகினால் யாரும் கவனிக்க மாட்டார்கள். எச்டி திரையில் எழுத்தின் ஓரத்தில் சிவப்பும் நீலமும் பிதுங்கி நிற்கும்.

பூமியின் காந்தப்புலம்கூட எலக்ட்ரானை வளைக்கும். டிவியை ஆன் செய்ததும் 'டங்' என்று ஒரு சத்தம் வந்தது நினைவிருக்கிறதா? அது உலோக மாஸ்க்கில் ஒட்டியிருக்கும் காந்தத்தன்மையை நீக்கும் சுருளின் சத்தம்.

மாஸ்க் சூடானால் விரியும். விரிந்தால் துளை இடம் மாறும், நிறம் கெடும். இதற்கு உதவியது இன்வார் என்ற இரும்பு-நிக்கல் கலவை. சூடேறினாலும் மிகக் குறைவாகவே விரியும். 1896-ல் சார்ல் எட்வார்ட் கில்யோம் இதைக் கண்டுபிடித்தது துல்லியமான அளவுக் கருவிகளுக்காக. அதற்காக 1920-ல் நோபல் பரிசும் பெற்றார். அது பின்னாளில் கோடிக்கணக்கான டிவிகளுக்குள் போய் உட்காரும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

ஏன் 90 கிலோ?

பிக்சர் டியூபுக்குள் காற்று இல்லை. வெளியே இருக்கும் வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் ஒரு கிலோ எடையுடன் அழுத்துகிறது. 34 அங்குல அகலத்திரையின் பரப்பு ஏறத்தாழ 3,200 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் முகப்புக் கண்ணாடியின் மேல் மட்டும் மூன்று டன்னுக்கு மேல் அழுத்தம்! ஒரு யானையை அதன்மேல் ஏற்றி நிறுத்தியது போல.

பழைய குழாய்களின் முகம் பானை போல வெளியே வளைந்திருந்தது. வளைவு அழுத்தத்தைத் தாங்கும். 1990-களின் பிற்பாதியில் எல்லோருக்கும் தட்டைத் திரை வேண்டும் என்றானது. சோனியின் வேகாவும் அந்தக் காலத்தில்தான் வந்தது. தட்டையான கண்ணாடி வளைந்ததைப் போலத் தாங்காது. ஒரே வழி, தடிமனைக் கூட்டுவது. அழகுக்காகத் தட்டையாக்கியதற்கு விலை எடையில் கட்டப்பட்டது.

மேலும், 25,000 வோல்ட்டுக்கு மேல் முடுக்கப்பட்ட எலக்ட்ரான்கள் திடீரென்று மோதி நிற்கும்போது எக்ஸ் கதிர் பிறக்கும். அது வெளியே வராமல் தடுக்கப் பின்புறக் கூம்புக் கண்ணாடியில் ஈயத்தையும் முகப்புக் கண்ணாடியில் பேரியம், ஸ்ட்ரான்சியத்தையும் கலந்தார்கள். எல்லாமே கனமான பொருட்கள்.

இதனால் ஓர் எல்லை வந்தது. சோனி அமெரிக்காவில் விற்ற 40 அங்குல எச்டி டிரினிட்ரான் கிட்டத்தட்ட 140 கிலோ. ஆர்சிஏ 38 அங்குல அகலத்திரை வரை போனது. அதற்கு மேல் வீட்டு வாசல் வழியே நுழையும் பெட்டியைச் செய்ய முடியவில்லை. பெரிய திரை வேண்டியவர்கள் மூன்று சிறிய குழாய்களின் படத்தைக் கண்ணாடியில் பிரதிபலித்துக் காட்டும் புரொஜெக்ஷன் டிவிகளை வாங்கினார்கள்.

ஜப்பான் முந்தியது, உலகம் மறித்தது

டிவிக்குள் இருந்த சிக்கல்களைப் பொறியாளர்கள் ஒவ்வொன்றாகத் தீர்த்தார்கள். வெளியே இருந்த சிக்கல் வேறு வகை.

1986-ல் யூகோஸ்லாவியாவின் துப்ரோவ்னிக் நகரில் நடந்த சர்வதேசக் கூட்டத்தில் ஜப்பான் தன் முறையை உலகத் தரமாக ஏற்கச் சொன்னது. ஐரோப்பியர்கள் மறுத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டால் கேமரா முதல் டிவி வரை எல்லாம் ஜப்பானிலிருந்துதான் வரும் என்ற பயம். அவர்களே 1250 வரிகளில் எச்டி-மேக் என்ற முறையைத் தொடங்கி, 1992-ல் ஆல்பர்வில், பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளை அதில் காட்டினார்கள். பார்க்க மக்களிடம் பெட்டி இல்லை. 1993-ல் திட்டம் கைவிடப்பட்டது.

அமெரிக்கா 1987-ல் தனக்கென்று ஒரு குழுவை அமைத்தது. 1990-ல் ஜெனரல் இன்ஸ்ட்ருமென்ட் நிறுவனம் முழு டிஜிட்டல் எச்டி சாத்தியம் என்று அறிவித்தது. ஆட்டம் அங்கேயே மாறிவிட்டது. போட்டியிட்ட நிறுவனங்கள் 1993-ல் 'கிராண்ட் அலையன்ஸ்' என்று கைகோத்தன. 1996 டிசம்பரில் தரம் ஏற்கப்பட்டது. 1998 அக்டோபர் 29 அன்று 77 வயது ஜான் கிளென் மீண்டும் விண்வெளிக்குக் கிளம்பியதை அமெரிக்க நிலையங்கள் எச்டியில் ஒளிபரப்பின.

இருபது வருடத்துக்கு மேல் உழைத்த ஜப்பானின் மியூஸ் அனலாக் முறை. 1994 பிப்ரவரியில் அந்நாட்டு அஞ்சல் அமைச்சகத்தின் ஒளிபரப்புத் துறைத் தலைவர் அகிமாசா எகவா, நாமும் டிஜிட்டலுக்கு மாறுவதை யோசிக்க வேண்டும் என்றார். உற்பத்தியாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுநாளே அவர் பேச்சைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அவர் சொன்னதுதான் நடந்தது. 2000 டிசம்பரில் ஜப்பானில் டிஜிட்டல் செயற்கைக்கோள் எச்டி வந்தது. 2007-ல் அனலாக் ஹை-விஷன் முடிவுக்கு வந்தது.

முதலில் ஓடியவன் பாதையைக் கண்டுபிடிக்கிறான், செலவும் அவனுடையது. பின்னால் வருபவன் அந்தப் பாதையில் செருப்புப் போட்டு நடக்கிறான். வணிக வரலாற்றில் இது புதிதல்ல. ஆனாலும் ஜப்பானின் உழைப்பு முழுக்க வீணாகவில்லை. மொத்தம் 1125 வரிகள், நொடிக்கு 33,750 வரி ஓட்டம் என்ற கணக்கு அமெரிக்க டிஜிட்டல் முறையின் 1080 இன்டர்லேஸிலும் அப்படியே இருக்கிறது.

உச்சமும் சரிவும்

2000-த்துக்குப் பிறகான சில வருடங்கள்தான் எச்டி குழாயின் பொற்காலம். ஆரம்பத்தில் சொன்ன 90 கிலோ டிவியின் 'சூப்பர் ஃபைன் பிட்ச்' குழாயில் குறுக்கே சுமார் 1,400 வரிகள் வரை நுணுக்கம் இருந்தது. 1,920 புள்ளிகள் முழுமையாகத் தெரியாது, உண்மைதான். ஆனால் அன்றைய எல்சிடி டிவிகளில் பெரும்பாலானவற்றில் இருந்ததும் 1,366 புள்ளிகளோ அதற்குக் குறைவோதான்.

கம்ப்யூட்டருக்குச் செய்யப்பட்ட குழாய்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. சோனியின் ஜிடிஎம்-எஃப்டபிள்யூ900 என்ற 24 அங்குல மானிட்டர் 2304 x 1440 புள்ளிகளை நொடிக்கு 80 முறை காட்டும். எடை 42 கிலோ. பல வருடங்கள் கழித்துத்தான் சாதாரண விலை எல்சிடி மானிட்டர்கள் அந்த அளவைத் தாண்டின.

அசைவைக் காட்டுவதில் குழாய்க்கு ஓர் இயற்கையான பலம் இருந்தது. கற்றை பட்ட புள்ளி மின்னி உடனே அணைந்துவிடும். எல்சிடியில் ஒரு படம் அடுத்த படம் வரும்வரை அப்படியே நிற்கும். ஓடும் பொருளைக் கண் தொடர்ந்து பின்பற்றும்போது, நிற்கும் படம் விழித்திரையில் இழுபட்டு மங்கலாகத் தெரியும். பாசாங்கில்லாத கறுப்பைக் காட்டும் இன்றைய ஓஎல்இடி திரைகளிலும் இந்த மங்கல் முழுக்கப் போகவில்லை.

ஆனால் வாங்குபவர் கண்ணால் மட்டும் வாங்குவதில்லை. வீட்டில் இடம் வேண்டும். கடைக்காரருக்குத் தட்டில் இடம் வேண்டும். கப்பல் கன்டெய்னரில் ஒரு குழாய் டிவி அடைக்கும் இடத்தில் பல தட்டை டிவிகளை அடுக்கலாம். 40 அங்குலத்துக்கு மேல் குழாயால் எளிதில் போக முடியாது. எல்சிடிக்கு அந்த எல்லை இல்லை. புதிய எல்சிடி தொழிற்சாலை ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பெரிய கண்ணாடித் தகட்டை வெட்டியது. ஒரு திரைக்கான செலவு வருடா வருடம் இறங்கியது. குழாய்க்கோ கண்ணாடியின் எடையைக் குறைக்க வழியில்லை.

குழாய்க்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 2005-ல் சாம்சங் 'ஸ்லிம்ஃபிட்' டிவியைக் கொண்டுவந்தது. கற்றையை 125 டிகிரி வரை விரித்துப் பெட்டியின் ஆழத்தை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். எல்ஜியும் இப்படிச் செய்தது. ஆழம் குறைந்தது, மூலைகளில் படத்தை நேராக வைப்பது இன்னும் கடினமானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சோனி அந்த 90 கிலோ டிவியை விட்ட அதே 2004-ல்தான் சாம்சங்குடன் கூட்டுச் சேர்ந்து எஸ்-எல்சிடி என்ற கம்பெனியைத் தொடங்கியது. அடுத்த வருடமே பிராவியா என்ற பெயரில் எல்சிடி டிவிகள் வந்தன. ஒரு கையால் உலகின் சிறந்த குழாயைச் செய்துகொண்டே மறு கையால் அதற்குக் குழி வெட்டியது! டிரினிட்ரானின் வெற்றியே சோனியைத் தட்டைத் திரைக்குத் தாமதமாக வர வைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. எப்போதும் ஓடும் குதிரையை விட்டு இறங்க யாருக்கு மனம் வரும்?

அதே 2005-ல் இந்தியாவின் வீடியோகான், பிரான்ஸின் தாம்சன் நிறுவனத்திடமிருந்து இத்தாலி, போலந்து, மெக்சிகோ, சீனா ஆகிய நாடுகளில் இருந்த பிக்சர் டியூப் தொழிற்சாலைகளை சுமார் 24 கோடி யூரோவுக்கு வாங்கியது. இந்தத் தொழிலிலிருந்து மற்றவர்கள் வெளியேறிக்கொண்டிருந்த நேரம் அது. 2006 ஜனவரியில் எல்ஜி-பிலிப்ஸ் கூட்டு நிறுவனத்தின் நெதர்லாந்து, ஜெர்மனி பிரிவுகள் திவாலாகின. 2007-ன் கடைசிக் காலாண்டில் உலக அளவில் எல்சிடி டிவிகளின் எண்ணிக்கை முதன்முறையாகக் குழாய் டிவிகளைத் தாண்டியது. 2008 மார்ச்சில் டிரினிட்ரான் நின்றது. அதுவரை உலகம் முழுவதும் விற்றவை சுமார் 28 கோடி.

கோல்ஃப் மைதானத்தில் நடந்தது

கதையின் இருண்ட பக்கம் 2012 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. பிக்சர் டியூப் தயாரிப்பாளர்கள் 1996 முதல் 2006 வரை ஏறக்குறைய பத்து வருடங்கள் ரகசியமாகக் கூடி விலையை நிர்ணயித்தார்கள், சந்தையைப் பங்கு போட்டார்கள், உற்பத்தியைக் கட்டுப்படுத்தினார்கள் என்று ஐரோப்பிய ஆணையம் தீர்ப்பளித்தது. பிலிப்ஸ், எல்ஜி, சாம்சங் எஸ்டிஐ, பானசோனிக், தோஷிபா, டெக்னிகலர் (முன்னாள் தாம்சன்) முதலிய நிறுவனங்களுக்கு மொத்தம் 147 கோடி யூரோ அபராதம். தகவலை முதலில் சொன்ன தைவானின் சுங்வா நிறுவனத்துக்கு மட்டும் முழு விலக்கு.

மேல்மட்ட அதிகாரிகளின் சந்திப்புகளுக்கு 'கிரீன் மீட்டிங்' என்று பெயர் வைத்திருந்தார்கள். காரணம், பேச்சு முடிந்ததும் பெரும்பாலும் கோல்ஃப் ஆட்டம் இருக்கும். கீழ்மட்டச் சந்திப்புகளுக்கு 'கிளாஸ் மீட்டிங்' என்று பெயர்.

இங்கேதான் ஆரம்பக் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைக்கிறது. குழாய் டிவியின் விலையில் பாதிக்கு மேல் அந்தக் குழாயின் விலைதான் என்று ஆணையமே சொன்னது. தேய்ந்துகொண்டிருந்த சந்தையில் போட்டியிட்டு விலையைக் குறைப்பதற்குப் பதில், சேர்ந்து உட்கார்ந்து விலையைப் பிடித்து வைத்தார்கள். அதனால் எல்சிடி ஜெயித்தது என்று சொல்வது மிகை. எப்படியும் அது ஜெயித்திருக்கும். ஆனால் அந்தப் பத்து வருடங்களில் குழாய் டிவி வாங்கிய எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள், தெரியாமலேயே அந்த கோல்ஃப் ஆட்டத்துக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருக்கின்றன.

மிச்சம் இருப்பது

வீட்டு டிவிக்கான பெரிய வண்ணக் குழாய்களை இன்று யாரும் செய்வதில்லை. ஈயக் கண்ணாடி என்பதால் பழையவற்றைக் குப்பையில் போடுவதும் சிரமம். ஆனால் தேடுபவர்கள் இருக்கிறார்கள். பழைய வீடியோ கேம் ரசிகர்களுக்குக் குழாய் டிவிதான் வேண்டும். இதிலும் ஒரு திருப்பம் உண்டு. எச்டி குழாய் டிவிகள் பழைய படத்தை உள்ளே டிஜிட்டலாக மாற்றிக் காட்டுவதால் சிறு தாமதம் வரும்; பழைய கேம்களின் துப்பாக்கிகள் அவற்றில் வேலை செய்யாது. எனவே அவர்கள் தேடுவது பெரும்பாலும் விலை மலிவாக இருந்த சாதாரண டிவியைத்தான்! எஃப்டபிள்யூ900 போன்ற மானிட்டர்களுக்கு மட்டும் தனி மதிப்பு.

1989-ல் சோனி 43 அங்குலத் திரையுடன் ஒரு குழாய் டிவியைச் செய்தது. எச்டி அல்ல. ஆனால் வீட்டுக்கென்று விற்ற குழாய்களில் ஆகப் பெரியது. எடை சுமார் 200 கிலோ. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே பலர் நினைத்திருந்தார்கள். ஜப்பானின் ஒசாகா நகரில், இடிக்கப்படவிருந்த ஒரு கட்டடத்தின் நூடுல்ஸ் கடை மாடியில் ஒன்று இருப்பது தெரியவந்தது. ஆட்களைப் பிடித்து, படிகளில் இறக்கி, கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தக் கதையைச் சொல்லும் வீடியோ 2024 டிசம்பரில் இணையத்தில் வெளியாகிப் பெரிய அளவில் பார்க்கப்பட்டது.

அதைப் பார்த்தவர்களில் பெரும்பாலானோர் கையில் இருந்தது 200 கிராம் எடையுள்ள ஒரு செல்போன். அதன் சின்னத் திரையில் அந்தப் பெரிய டிவியைவிடப் பல மடங்கு புள்ளிகள். எண்ணிக்கையில் குழாய் தோற்றுவிட்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மாடிப்படியில் அத்தனை பேர் மூச்சு வாங்கச் சுமந்தது புள்ளிகளின் எண்ணிக்கைக்காக அல்ல. இனி யாராலும் செய்ய முடியாத ஒரு பொருள் என்பதற்காக.